சி.பி. (செரிப்ரல் பால்சி, மூளை முடக்குவாதம்) இருக்கிற பையனுக்குக் கால் வலுப் பயிற்சி கொடுக்கலாமா? மேட்டு ஊர்ல இருக்கிறவங்க சொல்லுங்க

கட்டபெட்டு அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்கு 9 வயசு. ஏழு மாசத்துல பிறந்தவன், இன்குபேட்டர்ல வச்சிருந்தாங்க. ரெண்டு காலும் இறுக்கம். ரிப்போர்ட்ல ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியான்னு போட்டிருக்கு. கையும் பேச்சும் நல்லா இருக்கு, நாலாவது படிக்கிறான். முன்பாதத்தை ஊனித்தான் நடப்பான். முட்டி ரெண்டும் உரசும். கொஞ்ச நேரம் சேர்ந்தாப்ல நின்னா முட்டி மடங்கிடும்.

கோயமுத்தூர்ல எங்க அக்கா வீட்டுக்குப் போனா யாரையும் பிடிக்காம வீடு பூரா நடக்கிறான், தெருமுனைக் கடை வரைக்கும் வர்றான். இங்க பஸ்ஸை விட்டு இறங்கினதும் "தூக்கும்மா"ன்னு நின்னுடறான். ரோட்டுல இருந்து எங்க லைன் வீட்டுக்கு இறங்குற வழி முழுக்கக் கருங்கல் படி. ஒரு படி அவன் முட்டி உயரம், அடுத்தது ஒரு சாண்கூட இருக்காது. மழை பெஞ்சா பாசி. இவ்வளவு நாள் தூக்கியே பழகிட்டேன். இப்போ எடை கூடிட்டான். நாள் பூரா கொழுந்து பறிச்சிட்டு வந்து அவனையும் தூக்கிட்டு ஏறினா ராத்திரி நிமிர முடியல.

முன்ன பார்த்த தெரபிஸ்ட், "இறுக்கமான தசைக்கு எடை கொடுத்தா இன்னும் இறுகிடும், இழுத்து விடுற பயிற்சி மட்டும் போதும்"னு சொன்னாங்க. இப்போ வேற இடத்துல, "காலுக்கு வலு இல்ல, வலு ஏத்தணும்"னு சொல்றாங்க. தொட்டா கல்லு மாதிரி இருக்கிற காலுக்கு எப்படி வலு இல்லாம போகும்? யார் பேச்சைக் கேட்கிறது?

நீலமலை

அக்கா, நல்லெண்ணெயைக் காய்ச்சி காலையில வெயில்ல உட்கார வச்சு நீவி விடுங்க. எங்க சித்தி பொண்ணுக்கு அதுலதான் கால் இளகிச்சு.

குன்னூர் பிசியோ

எண்ணெய் நீவுறதுல தப்பில்லை. பிள்ளைக்கு இதமா இருக்கும், குளிருக்கும் நல்லது. ஆனா நீவுறதால தசைக்கு வலு வராது. அந்தத் தசையே வேலை செஞ்சாதான் வரும்.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன், கட்டபெட்டு அம்மா. இறுக்கமும் பலவீனமும் ஒரே தசையில சேர்ந்தே இருக்கும். சி.பி.யில பாதிப்பு மூளையில. அது ஒருமுறை நடந்து முடிஞ்சது, நாளாக நாளாகக் கூடாது. ஆனா மூளையில இருந்து காலுக்கு வர்ற கட்டளை குறைவா வருது, ஒழுங்கில்லாமலும் வருது. உங்க பையன் முட்டியை நீட்டணும்னு நினைக்கும்போது முன்தொடைத் தசை முழுசா வேலைக்கு இறங்காது. அதே நேரத்துல பின்தொடைத் தசையும் சேர்ந்து எதிர்ப்பக்கம் இழுக்கும். வளர வளர இன்னொண்ணும் நடக்கும். எலும்பு நீள்ற வேகத்துக்குத் தசை நீளாது, பருமனும் ஏறாது. தொடும்போது நீங்க உணர்றது அந்த இறுக்கம். அதை வலுன்னு எடுத்துக்க முடியாது.

வீட்டுலயே பாருங்க. பாதம் ரெண்டும் தரையில படியுற உயரத்துல ஒரு முக்காலி போட்டு உட்கார வைங்க. கையை மார்போட கட்டிக்கிட்டு எழுந்து நிக்கச் சொல்லுங்க, மெதுவா உட்காரச் சொல்லுங்க. எத்தனை தடவை முடியுது, எந்த இடத்துல முட்டி உள்ளே சாயுது, உட்காரும்போது பொத்துன்னு விழுறானா, இதெல்லாம் கவனிச்சு எழுதுங்க.

எடை கொடுத்தா இறுகும்னு உங்ககிட்ட சொன்னவங்க அதைத் தானா உண்டாக்கிச் சொல்லல. லண்டன்ல கரேல் போபாத், பெர்த்தா போபாத்னு ஒரு தம்பதி 1940கள்ல இருந்து ஒரு சிகிச்சை முறையை வளர்த்தாங்க. உலகம் பூரா அது பரவுச்சு, நம்ம ஊர்லயும் பல தலைமுறை பிசியோக்கள் அதைத்தான் படிச்சாங்க. கஷ்டப்பட்டு முக்கினா இறுக்கம் கூடும்ங்கிற எண்ணம் அந்த வழியா வந்தது. பிறகு அளந்து பார்த்தபோது அப்படி நடக்கல. 1995ல அமெரிக்காவுல டயான் டாமியானோ குழு, முட்டி மடக்கி நடக்கிற டைப்ளீஜியா பிள்ளைகளுக்கு ஆறு வாரம் முன்தொடைக்கு எடைப் பயிற்சி கொடுத்தாங்க. வலு ஏறிச்சு, பாதம் ஊனுற நேரத்துல முட்டி மடங்குறது குறைஞ்சுது, எட்டு வைக்கிற தூரம் கூடிச்சு. 2001ல இறுக்கத்தையே தனியா அளந்து பார்த்த ஒரு ஆய்வு வந்தது. கடுமையான முன்தொடைப் பயிற்சிக்கு அப்புறமும் இறுக்கம் கூடல.

அதனால கொடுக்கலாம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாருங்க. இடுப்பு எக்ஸ்ரே எடுத்து எவ்வளவு நாளாச்சு?

கட்டபெட்டு அம்மா

எக்ஸ்ரே போன வருஷம் எடுத்தது சார். ரெண்டு இடுப்பும் பரவாயில்லைன்னாங்க. முக்காலியில இருந்து அஞ்சு தடவை எழுந்தான். ஆறாவது தடவை கையை முட்டியில ஊனிட்டான். உட்காரும்போது நீங்க சொன்ன மாதிரியே பொத்துன்னு விழுறான்.

குன்னூர் பிசியோ

நல்லது. சி.பி. பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு கொஞ்சம் கொஞ்சமா நழுவ வாய்ப்பு உண்டு. உங்க பையன் மாதிரி நடக்கிறவங்கள்லயும் நூத்துக்குப் பதினஞ்சு பேருக்கு நடந்திருக்கு, அதுவும் ஆரம்பத்துல வலி தெரியாம. அந்த எக்ஸ்ரேயை விட்டுடாதீங்க.

பொத்துன்னு விழுறான்னு எழுதினீங்க பாருங்க, உங்க படிப் பிரச்சினைக்கு அதுதான் சாவி. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகிட்டே உடம்பைத் தாங்கணும். அது தாங்காததாலதான் உட்காரும்போது விழுறான், படி இறங்க பயப்படுறான்.

ஆய்வு வாசகி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கும் சி.பி., அதனால் பல வருடங்களாக இதைப் படித்து வருகிறேன். பிசியோ சார் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நம்பிக்கை கொடுக்கும்போது மறுபாதியையும் சொல்ல வேண்டும்.

நெதர்லாந்தில் சிறப்புப் பள்ளிகளில் படித்த 51 பிள்ளைகளை வைத்து 12 வாரம் வலுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2010லும் 2012லும் முடிவுகள் வெளிவந்தன. தசை வலு கூடியது. நடையில் மாற்றம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 14 முதல் 22 வயது வரை உள்ளவர்களை ஜிம்முக்கு அனுப்பி 12 வாரம் பயிற்சி கொடுத்த ஆய்வு 2013ல் வந்தது. அதிலும் அதே கதை. வலு ஏறியது, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் கூடவில்லை. 2009ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு குழு, இந்தப் பயிற்சியால் பயன் இல்லை என்றே எழுதிவிட்டது.

கூலி வேலைக்குப் போய்வந்து இரவில் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கப் போகும் ஒரு அம்மாவிடம் "வலு ஏற்றுங்கள், நடந்துவிடுவான்" என்று சொல்லலாமா? மூன்று மாதம் கழித்து நடை அப்படியே இருந்தால் யார் மேல் பழி விழும்? "ஒழுங்காகச் செய்யவில்லை" என்று அந்த அம்மா மேல்தான் விழும். என் அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது.

கூடலூர் அப்பா

வாசகி மேடம் கடைசியா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. எங்க வீட்டம்மாவும் அதைக் கேட்டிருக்காங்க.

குன்னூர் பிசியோ

வாசகி அம்மா, நீங்க சொன்ன ஆய்வுகளை நான் மறுக்கல. நடந்துடுவான்னு நான் சொல்லவும் இல்லை. ஆனா அந்த ஆய்வுகளை நான் வேற மாதிரி படிக்கிறேன்.

ஜிம்முல மெஷின்ல உட்கார்ந்து காலை நீட்டினா, உட்கார்ந்து காலை நீட்டுறதுக்கு வலு வரும். நடைக்கு அது தானா வந்து சேராது. நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்புற நேரத்துல கெண்டைக்கால் தசை ஒரு நொடியில சின்னப் பங்குக்குள்ள தள்ளி விடணும். எவ்வளவு வலு இருக்குங்கிறது ஒண்ணு, அதை எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுதுங்கிறது இன்னொண்ணு. சி.பி.யில ரெண்டாவதுதான் ரொம்ப அடிபடுது. ஆய்வுகள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் வளர்த்துட்டு நடையில தேடிச்சு. அதே நெதர்லாந்துல 2017ல வந்த ஆய்வைப் பாருங்க. சின்னப் பிள்ளைகளுக்கு 14 வாரம், எடையோட, வேகமா, நடை ஓட்டம் மாதிரியான வேலைகளையே பயிற்சியா கொடுத்தாங்க. அதுல நடைத்திறன் கூடிச்சு. சின்ன ஆய்வுதான், 22 பிள்ளைகள். இருந்தாலும் காட்டுற திசை தெளிவா இருக்கு.

இன்னொரு ஆய்வு இந்த அம்மாவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். 2003, மெல்போர்ன். 8 முதல் 18 வயசு வரை 21 பேர், எல்லாருக்கும் டைப்ளீஜியா. ஆறு வாரம், வீட்டுலயே, முதுகுப்பையில எடை வச்சு மூணே பயிற்சி. குதிகாலைத் தூக்கி நிக்கிறது, முட்டியைப் பாதி மடக்கி எழுறது, படி ஏறுறது. ஆறு வாரத்துல வலு ஏறிச்சு, பயிற்சியை நிறுத்தி மூணு மாசம் கழிச்சும் அது நின்னுச்சு. படி ஏறுற வேகம் கூடுற போக்கும் தெரிஞ்சுது. நம்ம மலையில படி ஏறுறதுதானே நடை?

ஆய்வு வாசகி

"போக்கு" என்றால் உறுதியாகவில்லை என்று பொருள், சார். அதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் வேகம் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். செய்யப்போகும் காரியத்தையே பயிற்சியாகச் செய்ய வேண்டும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் வேண்டுகோள் ஒன்றுதான். இலக்கைச் சின்னதாக, கண்ணால் பார்க்கக்கூடியதாக வையுங்கள். "நடை சரியாக வேண்டும்" என்பது வேண்டாம். "ரோட்டுப் பக்கத்தில் இருந்து முதல் படிகளைக் கம்பி பிடித்துத் தானே இறங்க வேண்டும்" என்று வையுங்கள்.

கட்டபெட்டு அம்மா

கம்பியே இல்லையே மேடம்.

ஊட்டி சிறப்பாசிரியர்

கம்பியே இல்லைன்னு எழுதினதுதான் எனக்கு இந்த இழையிலயே முக்கியமான வரி.

பிள்ளைகள் எந்த அளவுக்கு நடமாடுறாங்கன்னு பிரிக்க ஜி.எம்.எஃப்.சி.எஸ்.னு ஒரு அளவுகோல் இருக்கு. கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல 1997ல உருவாக்கினது, அஞ்சு நிலை. ஒண்ணுன்னா லேசு, அஞ்சுன்னா கடுமை. உங்க பையன் ரெண்டாம் நிலைன்னு தோணுது. அந்த நிலைக்கு அவங்க எழுதின விளக்கத்தைப் பாருங்க. நடப்பாங்க, ஆனா மேடு பள்ளத்துலயும் சரிவுலயும் நீண்ட தூரத்துலயும் கஷ்டப்படுவாங்க, படி ஏற இறங்கக் கைப்பிடி வேணும். அதாவது கைப்பிடி இருந்தாதான் அவன் ரெண்டாம் நிலை. இல்லாத இடத்துல அவனைத் தூக்கித்தான் ஆகணும். கோயமுத்தூர்ல நடக்கிறவன் இங்க நடக்கலைன்னா அவன் காலை மட்டும் பார்க்காதீங்க, படியையும் பாருங்க.

நான் பார்த்த பள்ளிகள்ல கழிவறைக்குப் போற ரெண்டு படியில ஒரு பைப் பதிச்சதுக்கு அப்புறம் தண்ணி குடிக்கிறதையே நிறுத்தி வச்சிருந்த பிள்ளைங்க தண்ணி குடிக்க ஆரம்பிச்சாங்க. எந்தப் பயிற்சியும் அந்த வாரத்துக்குள்ள அதைச் செஞ்சிருக்காது.

வட்டார வள மையத்துல பிசியோதெரபிஸ்ட் வர்ற நாள் உங்க பள்ளித் தலைமையாசிரியருக்குத் தெரியும், கேளுங்க. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியாச்சா?

கட்டபெட்டு அம்மா

அட்டை இருக்கு டீச்சர். வள மையத்துக்கு இறங்கி ஏறவே ஒரு நாள் கூலி போயிடும். அதான் வீட்டுலயே செய்யலாமான்னு கேட்டேன்.

வெலிங்டன்காரன்

எனக்கு 36 வயசு. அதே டைப்ளீஜியா. இத்தனை பேர் பேசிட்டீங்க, சி.பி.யோட வாழ்றவன் ஒருத்தனும் பேசலாம்னு வந்தேன்.

ஏறுறதை விட இறங்குறதுதான் பயம். நான் நேரா இறங்க மாட்டேன். கம்பிப் பக்கம் திரும்பி நின்னு, ரெண்டு கையாலயும் பிடிச்சு, பக்கவாட்டுல ஒரு கால், அப்புறம் அடுத்த கால். பார்க்கிறவங்களுக்கு அவசரமா இருக்கும், எனக்கு அவசரம் இல்லை. தம்பிக்கும் அப்படிச் சொல்லிக் கொடுங்க. நேரா இறங்குறதுதான் சரியான நடைன்னு யாரும் அவனைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

மார்கழி, தை மாசக் காலையில கால் கட்டை ஆயிடும். உறைபனி விழுற நாள்ல படுக்கையிலேயே வெந்நீர்ப் பை வச்சு, முட்டியை மடக்கி நீட்டி, அப்புறம்தான் எழுவேன். குளிர்ல எழுப்பி உடனே நடக்க வச்சுட்டு "நேத்து நடந்தியே, இன்னிக்கு என்ன?"ன்னு கேட்காதீங்க. நேத்து இருந்த கால் வேற.

முக்கியமா சொல்ல வந்தது இது. எனக்கு 12 வயசு வரைக்கும் ஊன்றுகோல் இல்லாம குன்னூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து மேல மார்க்கெட் வரைக்கும் வந்திருக்கேன். 14, 15ல சட்டுனு உயரமானேன், எடை போட்டேன். காலுக்கு அந்த வலு வரல. முட்டி மடங்கிக்கிட்டே போச்சு. அந்த நேரத்துலதான் பள்ளி மாறி, பிசியோவும் நின்னுச்சு. 18க்கு அப்புறம் பெரியவங்களுக்கு சி.பி. பிசியோங்கிற ஒண்ணே எங்கயும் கிடைக்கல. போற இடத்துல எல்லாம் "இது குழந்தைகள் பிரிவு"ன்னாங்க. 9 வயசுல தொடங்குற பயிற்சி 15 வயசுல நிக்கக் கூடாது. அப்போதான் ரொம்ப வேணும்.

குன்னூர் பிசியோ

வெலிங்டன் தம்பி சொன்னதை எல்லாப் பெற்றோரும் படிக்கணும். ஒண்ணாம், ரெண்டாம் நிலைப் பிள்ளைகளுக்குப் பெரியவங்களாகுற வரைக்கும் நடமாட்டம் சராசரியா நின்னு நிலைக்கும். மூணு, நாலு, அஞ்சாம் நிலைகள்ல பதின்வயசுல குறையுதுன்னு கனடாவுல நீண்ட நாள் தொடர்ந்து பார்த்து எழுதியிருக்காங்க. பெரியவங்களைப் பத்தி 2014ல வந்த தொகுப்பாய்வுல, நடக்கிறவங்கள்ல குறைஞ்சது நாலுல ஒருத்தருக்கு நடை சீக்கிரமே குறையுதுன்னு வந்திருக்கு. மூளைப் பாதிப்பு கூடுறதால இல்லை. எடைக்கும் வலுவுக்கும் உள்ள கணக்கு மாறுது, மூட்டு வலி சேருது, களைப்பு சேருது. மத்தவங்க நடக்கிறதை விட இவங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு சக்தி செலவாகுது, அதையும் யோசிங்க.

கூடலூர் அப்பா

என் மகளுக்கு இப்போ 13. ஏழு வயசுல முன்பாதத்துல நடக்கிறான்னு ரெண்டு குதிகால் தசைநாணையும் நீளமாக்கி ஆபரேஷன் பண்ணாங்க. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல விரும்பல. முதல் வருஷம் பாதம் முழுசா தரையில பட்டுச்சு, சந்தோஷப்பட்டோம். அப்புறம் முட்டி மடங்க ஆரம்பிச்சு இப்போ உட்கார்ற மாதிரியே நடக்கிறா. மேடு ஏறும்போது தள்ளவே வலு இல்லை. ஆபரேஷனுக்கு முன்னாடி கெண்டைக்கால் வலு எவ்வளவு இருக்குன்னு ஒருத்தரும் பார்க்கல. அதுக்கு அப்புறம் வலுப்பயிற்சி வேணும்னும் சொல்லல. கட்டுப் பிரிச்சு, காலிப்பர் கொடுத்து அனுப்பிட்டாங்க.

பிசியோ சார், இப்போ என்ன செய்யலாம்?

குன்னூர் பிசியோ

சார், படிக்கவே வருத்தமா இருக்கு. மகளை நேர்ல பார்க்காம நான் சிகிச்சை சொல்லக் கூடாது. நடையை அளந்து பார்க்கிற வசதியுள்ள, பிள்ளைகளுக்கான எலும்பு மருத்துவர்கிட்ட காட்டுங்க. நடந்தது என்னன்னு மட்டும் சொல்றேன், மத்தவங்களுக்கும் பயன்படும்.

கெண்டைக்கால்ல சோலியஸ்னு ஒரு தசை இருக்கு. பாதத்தை ஊனி நிக்கும்போது கீழ்க்கால் முன்னால சாயாம பிடிச்சு வைக்கிறது அதுதான். அது பிடிச்சாதான் முட்டி நீண்டு நிக்கும். குதிகால் தசைநாணை அளவுக்கு மேல நீளமாக்கினா அந்தப் பிடி போயிடும், கீழ்க்கால் முன்னால சாயும், முட்டி மடங்கும், முன்தொடை ஓயாம வேலை செஞ்சு களைச்சுப் போகும். டைப்ளீஜியா பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷன்ல ரொம்ப கவனம் வேணும்னு எலும்பு மருத்துவர்களே எழுதியிருக்காங்க. பொட்டாக்ஸ் ஊசியும் தசையைச் சில மாசம் தளர்த்தும்போது கூடவே வலுவையும் குறைக்கும். போட வேண்டாம்னு சொல்லல. போட்ட மாசங்கள்ல பயிற்சி இல்லாம விட்டா, போட்டதுல பாதிப் பயன் வீண்.

உங்க மகளுக்கு 13 வயசு. வளர்ச்சி வேகம் எடுக்கிற நேரம், தள்ளிப் போடாதீங்க.

கட்டபெட்டு அம்மா

சார், எங்களுக்கும் ஆபரேஷன் பேச்சு வந்துச்சு. இப்போதான் பயம் தெளியுது, என்ன கேட்கணும்னு தெரியுது.

இன்னொரு சந்தேகம். ஷூவுக்குள்ள போடுற பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் கொடுத்திருக்காங்க. சமதரையில அதைப் போட்டா நல்லா நடக்கிறான். மேடு ஏறும்போது கழட்டச் சொல்லி அழறான். கழட்டினா ஏறுறான். பழகணும்னு கட்டாயமா போட வச்சிட்டு இருக்கேன்.

குன்னூர் பிசியோ

பிள்ளை காரணத்தோடதான் அழறான். அது கணுக்கால் அசையாத ஸ்பிளின்ட்டா இருக்கும். மேடு ஏறணும்னா கீழ்க்கால் பாதத்துக்கு மேல முன்னால சாயணும். ஸ்பிளின்ட் சாய விடாது, பின்னால தள்ளும். இறங்கும்போது அதே ஸ்பிளின்ட் முட்டியை முன்னால தள்ளும். சமதரையில நல்லது செய்யுற சாதனம் சரிவுல எதிரா நிக்குது. நிறைய ஸ்பிளின்ட் கீழே சமவெளியில, சமதரையில நடக்க வச்சுப் பார்த்துச் செஞ்சு கொடுக்கிறாங்க. வீடு எப்படிப்பட்ட இடத்துல இருக்குன்னு கேட்கிறவங்க குறைவு. அடுத்த தடவை போகும்போது உங்க படியை போன்ல வீடியோ எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.

கணுக்கால்ல கீல் வச்ச ஸ்பிளின்ட் இருக்கு, மேட்டுக்கு அது சுலபம். ஆனா முட்டி ரொம்ப மடங்குற பிள்ளைக்குக் கீல் வச்சா மடங்குறது கூடிடும். உங்க பையனுக்கு எதுன்னு கணுக்கால் எவ்வளவு மடங்குதுன்னு அளந்துதான் முடிவு பண்ணணும். அதுவரைக்கும் படியில கழட்டிட்டு, நல்ல பிடிப்புள்ள ஷூவோட ஏத்துங்க. பள்ளியில போடட்டும்.

பயிற்சி சொல்றேன். வாரத்துல மூணு நாள், நடுவுல ஒரு நாள் ஓய்வு. முதல்ல முக்காலியில இருந்து எழுறது. எழும்போது வேகமா, உட்காரும்போது மெதுவா, மனசுக்குள்ள நாலு எண்ணச் சொல்லுங்க. ஸ்கூல் பையில அரிசிப் பாக்கெட் வச்சு முதுகுல மாட்டுங்க. அரை கிலோவுல தொடங்கலாம். பத்துத் தடவை முடிக்கும்போது இன்னும் ரெண்டு தடவைக்கு மேல முடியாதுங்கிற அளவுக்கு எடை இருக்கணும். சுலபமா பதினஞ்சு வந்துட்டா எடையை ஏத்துங்க. ஏத்தாம அதே எடையில மாசக்கணக்குல செஞ்சா வலு ஏறாது. பெரும்பாலான வீடுகள்ல பயிற்சி தோத்துப் போறது இந்த இடத்துலதான். ரெண்டாவது, சுவரைப் பிடிச்சுக் குதிகாலைத் தூக்கி நிக்கிறது. மூணாவது, உங்க படிகள்லயே தாழ்வான ரெண்டு மூணைத் தேர்ந்தெடுத்து ஏறி இறங்குறது. அவன் ஏறும்போதும் இறங்கும்போதும் நீங்க அவனுக்குக் கீழ்ப்படியில நில்லுங்க. மழைன்னா படிப் பயிற்சி வேண்டாம். குறைஞ்சது மூணு மாசம் விடாம செய்யணும், அதுக்கு முன்னாடி கணக்குப் பார்க்க வேண்டாம்.

மறுநாள் தசை லேசா வலிச்சா பரவாயில்லை. முட்டி மூட்டுல வலி, வீக்கம்னா நிறுத்திட்டுக் காட்டுங்க.

நீலமலை

மூணு மாசம்னா சின்னப் பையன் செய்வானா சார்?

வெலிங்டன்காரன்

அவனுக்குப் பிடிச்சதோட கோத்து விட்டா செய்வான். மேல் லைன்ல கிரிக்கெட் ஆடுவாங்க இல்ல, அங்க ஏறிப் போய்ப் பார்க்கிறதும் பயிற்சிதான். எனக்குச் சின்ன வயசுல யாராவது அப்படி வழி சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். எல்லாத்தையும் பயிற்சியாவே ஆக்கிட்டா பிள்ளைக்கு வீடும் ஆஸ்பத்திரி ஆயிடும்.

இன்னொண்ணு. எல்லா இடத்துக்கும் நடந்துதான் போகணும்னு இல்லை. நான் வீட்டுக்குள்ள சுவரைப் பிடிச்சுப் போவேன், கடைக்கு எல்போ ஊன்றுகோல், கோயமுத்தூர் போனா சக்கர நாற்காலி. ஒரு நாளைக்கு உள்ள வலுவை எங்க செலவு பண்றதுன்னு முடிவு செய்யுறவன் நான்.

ஊட்டி சிறப்பாசிரியர்

ரொம்ப சரி தம்பி. 5 மீட்டர், 50 மீட்டர், 500 மீட்டர்னு தனித்தனியா எதைப் பயன்படுத்துறாங்கன்னு குறிச்சு வைக்கிற அளவுகோலே இருக்கு. வீடு, பள்ளி, சந்தைன்னு வச்சுக்கலாம். மூணுக்கும் ஒரே பதில் இருக்கணும்னு கட்டாயமே இல்லை.

கட்டபெட்டு அம்மா

ரொம்ப நாள் கழிச்சு எழுதறேன், மழைக்காலம் முழுக்க இந்தப் பக்கம் வரவே முடியல. கேட்டவங்களுக்காகச் சொல்றேன்.

முக்காலியில இருந்து இப்போ முதுகுல ரெண்டு கிலோவோட பத்துத் தடவை எழுறான். பொத்துன்னு விழுறது போச்சு. குதிகால் தூக்குறது இன்னும் சரியா வரல, வலது காலால சுத்தமா முடியல. சமதரை நடையில எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியல, வாசகி மேடம் சொன்ன மாதிரிதான். ஆனா படியில தெரியுது. சின்னப் படிகளை என் ஒரு விரலைப் பிடிச்சு ஏறிடறான். முட்டி உயரப் படிகளைக் கையை ஊனி ஏறுறான். இறங்குறதுக்கு இன்னும் என் தோள் வேணும். பக்கவாட்டுல இறங்குறதை வெலிங்டன் அண்ணா சொன்னார்னு சொல்லிக் கொடுத்தேன், அப்படித்தான் இறங்குவேன்னு பிடிவாதமா இருக்கான்.

ஸ்பிளின்ட் விஷயம் வீடியோ காட்டினேன். மாத்தித் தர்றதா சொல்லியிருக்காங்க.

இப்போ கம்பிக்கு வழி சொல்லுங்க. எஸ்டேட் ஆபீஸ்ல கேட்டா பஞ்சாயத்துங்கிறாங்க, பஞ்சாயத்துல கேட்டா எஸ்டேட்டுங்கிறாங்க.

ஊட்டி சிறப்பாசிரியர்

ரெண்டு பேருக்கும் எழுத்துல கொடுங்க, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு நகல் போடுங்க. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை நிர்வாகம் கட்டித் தரணும்னு 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே இருந்தது, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் தடையில்லாத வழியைப் பத்திப் பேசுது. ரெண்டையும் மனுவுல குறிப்பிடுங்க. அடையாள அட்டை நகல், படியோட போட்டோ ரெண்டு சேருங்க. மழையில ஈரமா இருக்கும்போது எடுத்த போட்டோவா இருக்கட்டும். லைன்ல வயசானவங்க இருப்பாங்களே, அவங்க கையெழுத்தும் வாங்குங்க. கம்பி அவங்களுக்கும்தான்.

கூடலூர் அப்பா

அளவையும் மனுவுலயே எழுதிடுங்க சிஸ்டர். இல்லைன்னா அவங்க இஷ்டத்துக்குப் போட்டுட்டுப் போவாங்க. எங்க பக்கம் போட்டது பெரியவங்க மார்பு உயரத்துல இருக்கு, என் மகளுக்கு எட்டல. அரசு வழிகாட்டுதல்ல ரெண்டு வரிசை சொல்லியிருக்கு, 90 செ.மீ. உயரத்துல ஒண்ணு, 76 செ.மீ.ல ஒண்ணு. பைப் கைக்குள்ள அடங்கணும், வெளிவிட்டம் 38ல இருந்து 45 மி.மீ.க்குள்ள. மேல் படிக்கும் கீழ்ப் படிக்கும் அப்பால 30 செ.மீ. நீளமா விடச் சொல்லுங்க. கடைசிப் படியில காலை வைக்கும்போதுதான் பிடி தேவை.

வெலிங்டன்காரன்

ரெண்டு பக்கமும் போட இடம் இல்லை, காசு இல்லைன்னு சொல்வாங்க. ஒரு பக்கம்தான்னா, தம்பி இறங்கும்போது எந்தக் கைப்பக்கம் சாய்றானோ அந்தப் பக்கம் போடச் சொல்லுங்க. ஏறுறதுக்கு அவன் எப்படியும் சமாளிச்சுக்குவான். பைப் பதிக்கிற அன்னிக்கு அவனையும் நிக்க வச்சு, பிடிச்சுப் பார்க்கச் சொல்லிட்டு அப்புறம் சிமெண்ட் போடச் சொல்லுங்க.